பெருமாயி வரைந்த லாரி

பள்ளி விட்டு வந்த நர்மதா முதுகுப் பையைக்கூட இறக்கவில்லை. கதவிடுக்கில் செருகியிருந்த பச்சை உறையை உருவினாள். கத்தரிக்கோல் தேடப் பொறுமை இல்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள்.

உள்ளே இருந்தது 'வெட்டுக்கிளி வட்டம்'.

வெட்டுக்கிளி காமிக்ஸ் என்றொரு பதிப்பகம். மாதம் ஒரு படக்கதை போடுவார்கள். அந்தக் கதைகள் என்றால் உயிரை விடும் வாசகர்களுக்காகத் தனியாக ஒரு சின்னப் பத்திரிகையும் நடத்தினார்கள். அதுதான் இது. பதினாறே பக்கம். கடையில் கிடைக்காது, உறுப்பினர்களுக்கு மட்டும் தபாலில் வரும். அடுத்த கதையின் வில்லன் யார், அவனுக்கு ஏன் ஒரு காது மட்டும் இருக்கிறது, ஓவியர் தன் பூனையை எந்தப் பக்கத்தில் ஒளித்து வரைந்திருக்கிறார் என்ற ரகசியமெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர் தன்னைத் 'தலைமை வெட்டுக்கிளி' என்று சொல்லிக்கொள்வார். உறுப்பினர்கள் குட்டி வெட்டுக்கிளிகள். நர்மதா 417ஆம் குட்டி.

இந்த மாதம் போட்டி முடிவு வரும் மாதம்.

வெட்டுக்கிளியின் நாயகன் சூரன் செல்லையா பத்து வருடமாக வில்லன்களை நடந்தே துரத்திக்கொண்டிருந்தார். 'பாவம், அவருக்கு ஒரு வண்டி வேண்டும். வரைந்து அனுப்புங்கள். முதல் பரிசு பெறும் வண்டி அடுத்த கதையில் ஓடும். வரைந்தவர் பெயர் அட்டையிலேயே வரும்' என்று நான்கு மாதம் முன்னால் அறிவித்திருந்தார்கள்.

நர்மதா நடுப்பக்கத்தைப் புரட்டினாள்.

அவளுடைய லாரி!

பச்சை முகம். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மயில்கள். இடப்பக்கத்து மயிலுக்குக் கழுத்து கொஞ்சம் கோணல். எல்லாம் அவள் போட்ட கோடுகள். மேலே மட்டும் கொஞ்சம் வெட்டி, பக்கத்துக்குள் அடங்கும்படி அச்சிட்டிருந்தார்கள். 'முதல் பரிசு' என்று கொட்டை எழுத்து.

அதன் கீழே ஒரு வரி. 'வரைந்தவர்: பெருமாயி, நாமக்கல்.'

நர்மதா மறுபடி படித்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். எப்படிப் படித்தாலும் அது பெருமாயிதான்.

"அம்மா! எம்படத்தை யாரோ திருடிட்டாங்க!"

அடுப்படியில் இருந்து அம்மா மைதிலியின் குரல் மட்டும் வந்தது. "மொதல்ல கையைக் கழுவு. திருடனை அப்புறம் புடிக்கலாம்."

நர்மதா கையைக் கழுவவில்லை. யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த பெருமாயி ஒருவர்தான்.

நர்மதாவின் அப்பா ஜெகதீஸ்வரன் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயிண்டர். வெறும் இரும்பாக வரும் லாரி, அவர் கைபட்டதும் பூவும் மயிலுமாகக் கல்யாணப் பெண் மாதிரி வெளியே போகும். அந்தப் பட்டறையின் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர்தான் பெருமாயி அத்தை. விடுமுறை நாட்களில் நர்மதா பட்டறைக்குப் போவாள். அத்தை கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, நிற்கும் லாரிகளைப் பார்த்துப் பார்த்து வரைவாள்.

போட்டிக்கான லாரியையும் அங்கேதான் வரைந்தாள். அதை உறையில் போட்டு ஒட்டியதும் அங்கேதான். அனுப்புநர் இடத்தில் பட்டறையின் ரப்பர் முத்திரையைக் குத்தியதும் அங்கேதான். உறையைத் தபால் பெட்டியில் போட வாங்கிப் போனது யார்?

பெருமாயி அத்தை!

"குடு சாமி, பால் வாங்கப் போற வழிதானே, நான் போட்டுட்டுப் போறேன்" என்று அன்றைக்கு எவ்வளவு அன்பாகக் கேட்டார்! இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த அன்பே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் பள்ளி இடைவேளையில் சித்தார்த்திடம் சொன்னாள். அவனும் ஒரு குட்டி வெட்டுக்கிளி. 902ஆம் குட்டி. 'துப்பறிவது எப்படி' என்ற பகுதியை மட்டும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருப்பவன்.

"நீ படத்துக்குப் பின்னாடி உம்பேரை எழுதினியா?" என்றான்.

"எழுதியிருப்பேன்."

"எழுதினியா, எழுதியிருப்பியா?"

"பேரு எழுதாம யாராவது அனுப்புவாங்களாடா?"

சித்தார்த் நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டான். "அப்ப அந்தம்மா உறையைப் பிரிச்சு, உம்பேரை அழிச்சு, அவங்க பேரை எழுதியிருக்காங்க. சந்தேக நபர் ஒன்று. பெருமாயி. வயசு ஐம்பதுக்கு மேல. ஆயுதம், டீ ஆத்தற டம்ளர்."

"ஆயுதமெல்லாம் எதுக்குடா?"

"நோட்டுல ஒரு வரி காலியா இருந்துச்சு."

சாயங்காலம் இரண்டு பேரும் துப்பறியப் போனார்கள். துப்பறியப் போகிறவர்கள் சும்மா நிற்க முடியாதல்லவா? மூன்று பன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பட்டறைக்குள் தகரத்தைத் தட்டும் சத்தம் டங்டங் என்று கேட்டது. பெருமாயி அத்தை பாய்லருக்கு முன்னால் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எப்போதும் போலத்தான் இருந்தார். ஆனால் எப்போதும் போல இல்லாத ஒன்று கடைக்குள் இருந்தது.

பலகைக்கு அடியில் கோணிச் சாக்கு போட்டு மூடிய ஒரு பொருள். சாக்கின் மேல் காலி முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. நர்மதா கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

"அங்க என்னத்தைப் பார்க்கறே?" அத்தை டக்கென்று வந்து மறைத்து நின்றுகொண்டார். "அக்கட்டால போய் உக்காரு சாமி. சூடா பால் இருக்குது, மேல கொட்டிரும்."

பால் அந்தக் கோடியில் இருந்தது. சித்தார்த் நர்மதாவின் காலை மிதித்தான். நர்மதா திருப்பி மிதித்தாள்.

சற்று நேரம் கழித்து அத்தை தானாகவே பக்கத்தில் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏஞ்சாமி, உனக்குத்தான் நாலு விசயம் தெரியுமே. இந்த வெட்டுக்கிளிக்கு ஆபீசு எங்க இருக்குது?"

நர்மதாவின் வாயில் இருந்த பன் அப்படியே நின்றது.

"எ... எதுக்குங்க அத்தை?"

"ஒன்னுமில்ல. சும்மா கேட்டேன்." அத்தை திரும்பிப் போய் வேகவேகமாக டம்ளர் கழுவத் தொடங்கினார். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

திரும்பி வரும் வழியில் சித்தார்த் துள்ளினான். "பார்த்தியா? சாக்குக்கு அடியில இருக்கறது பரிசு! இன்னும் என்னென்ன குடுப்பாங்கன்னு ஆபீசுல போய்க் கேக்கப் போறாங்க. நாளைக்கு நிறைய டிரைவருங்க இருக்கறப்ப எல்லார் முன்னாடியும் சாக்கை இழுத்துருவோம். கையும் களவுமா!"

நர்மதாவுக்குக் கோபம்தான். ஆனாலும் தலை ஆட்டவில்லை.

போன மழைக்காலத்தில், வரைந்த தாளெல்லாம் நனையாமல் இருக்கத் தன் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்தவர் அதே அத்தைதான். அவர் போய்த் திருடுவாரா? திருடவில்லை என்றால் எதற்கு ஒளிக்கிறார்?

"எல்லார் முன்னாடியும் வேண்டாம்" என்றாள். "மொதல்ல அது எம்படம்னு நிரூபிக்க எங்கிட்ட எதாச்சும் இருக்கணும். இல்லீன்னா அவங்க இல்லன்னுட்டா நாமதான் முழிக்கணும்."

"என்ன இருக்குது உங்கிட்ட?"

ஒன்றும் இல்லை. வரைந்தது ஒரே தாள். அதையும் அனுப்பியாயிற்று. அட்டை இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தது. இன்றைக்குத் தேதி பதினெட்டு. இன்னும் இரண்டே நாள். அதற்குப் பிறகு நாடு முழுக்க உள்ள குட்டி வெட்டுக்கிளிகள் எல்லாம் அந்த லாரியைப் பார்த்து 'அடடா, பெருமாயி!' என்றுதான் சொல்லும்.

வீட்டுக்கு வந்தவள் நேராக அப்பாவிடம் போனாள். அவர் விரலிடுக்கில் ஒட்டிய பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, நான் வரைஞ்சேனே, பச்சை மூஞ்சி லாரி, அது போட்டோ இருக்குதுங்களா?"

"இல்லாமயா? வேலை முடிஞ்ச வண்டியைப் போட்டோ எடுக்காம நான் வெளிய தாட்டி விடறதில்ல."

"நம்ம கண்ணாலத்து போட்டோ ஒன்னு அந்தப் போன்ல இல்ல. லாரி மட்டும் நானூறு இருக்குது" என்றாள் அம்மா.

நர்மதா போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிவப்பு லாரி, நீல லாரி, கோழித் தீவன லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. கட்டைவிரல் வலித்தது. வந்துவிட்டது பச்சை முகம். இரண்டு மயில். இடப்பக்கத்து மயிலுக்குக் கோணல் கழுத்து.

"இதேதான்!" என்று கத்தியவள், படத்தை விரலால் பெரிதாக்கினாள். கண்ணாடி, மயில், அதற்கு மேலே...

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பக்கத்து லாரிகளுக்கெல்லாம் கண்ணாடிக்கு மேலே நெற்றி மாதிரி ஒரு பலகை இருக்கும். அதில் சாமி பேரோ, முதலாளியின் அம்மா பேரோ, மகள் பேரோ எழுதுவார்கள். இந்த லாரியின் நெற்றியில், அப்பாவின் அழகான வளைந்த எழுத்தில் இருந்தது:

'பெருமாயி. நாமக்கல்.'

"ஏனுங்கப்பா... இது யாருங்க பெருமாயி?"

"அந்த வண்டி முதலாளியோட அம்மா பேரு. நம்ம ஊர்ப் பக்கம் தெருவுக்கு ரெண்டு பெருமாயி இருப்பாங்களே."

நர்மதாவுக்கு அன்றைக்கு நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. லாரியைப் பார்த்தபடியே வரைந்தாள். ஆணி, மயில், நெற்றிப் பலகை என்று எதையும் விடவில்லை. தாளின் உச்சியில் பலகையைப் பெரிதாகப் போட்டு, அதில் இருந்த பேரையும் ஊரையும் அப்படியே எழுதினாள். அதற்கு அப்புறம் எத்தனையோ லாரி வந்து போய்விட்டது. எந்த வண்டிக்கு என்ன பேர் என்று யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆனால் தாளைத் திருப்பி, பின்பக்கம் தன் பேரை எழுதியது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

எழுதினால் அல்லவா வரும்!

தாளில் இருந்த ஒரே பேரைத் தலைமை வெட்டுக்கிளி வரைந்தவரின் பேர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் சித்தார்த்திடம் போட்டோவைக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு நோட்டைத் திறந்து, சந்தேக நபர் ஒன்றை அடித்துவிட்டு 'லாரி' என்று எழுதினான்.

"அப்ப சாக்குக்கு அடியில இருக்கறது என்ன?"

"கேட்டாத் தெரியும்" என்றாள் நர்மதா.

கடையில் கூட்டம் இல்லை. நர்மதா பலகையருகே போய் நின்றாள்.

"அத்தை, உங்களுக்கு ஏதாச்சும் பார்சல் வந்துச்சுங்களா?"

அத்தையின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்? நீயும் அவிங்க ஆளா?"

"எவிங்க ஆளுங்க?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு நாளாத் தூக்கமில்ல சாமி. தபால்காரர் வந்து, பட்டறை விலாசத்துக்குப் பெருமாயிங்கற பேருல பார்சல், வெட்டுக்கிளி ஆபீசுல இருந்துன்னு குடுத்துட்டுப் போயிட்டாரு. வெட்டுக்கிளிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? பயிரைத் திங்கற பூச்சி எதுக்கு எனக்குப் பார்சல் அனுப்புது? பார்சல்னு சொல்லித்தான் இப்ப ஊரை ஏமாத்தறாங்களாமா. டிரைவருங்க பேசிக்கிட்டாங்க. பிரிச்சா மாட்டிக்குவோம்னு அப்படியே மூடி வெச்சுட்டேன். திருப்பிக் குடுத்தரலாம்னுதான் நேத்து உங்கிட்ட ஆபீசு எங்கன்னு கேட்டேன்."

"யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமேங்க?"

அத்தை அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். "எனக்குப் படிக்கத் தெரிஞ்சது எம்பேரு ஒன்னுதான் சாமி. கையெழுத்துப் போட அதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அந்த டப்பா மேல அத்தனை எழுத்து இருக்குது. அதுல அந்த ஒரு பேரு மட்டும் எனக்குத் தெரியுது. தெரியாத எழுத்துக்கு நடுவுல எம்பேரைப் பார்த்ததும் நெம்பப் பயமாப் போச்சு. நம்ம பேரைப் போட்டு யாரோ என்னமோ எழுதியிருக்காங்களேன்னு."

நர்மதாவும் பத்திரிகையில் அந்த ஒரு பேரைத்தான் பார்த்தாள். தானும்தான் பயந்தாள். பயந்து, அத்தையைத் திருடி என்று நினைத்தாள்.

"நான் படிக்கிறேங்க அத்தை. எடுங்க."

முட்டை அட்டையை நகர்த்தி, சாக்கை விலக்கி, டப்பாவை வெளியே எடுத்தார்கள். அத்தை இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நர்மதா நாடாவைக் கிழித்தாள். வெடிக்கவில்லை. உள்ளே பன்னிரண்டு புத்தம் புதுப் படக்கதைகள். மேலே ஒரு கடிதம். நர்மதா சத்தமாகப் படித்தாள்.

"'அன்புள்ள பெருமாயி, உங்கள் லாரியைப் பார்த்ததும் எங்கள் சூரன் செல்லையா துள்ளிக் குதித்தார். இனி அவர் கால் வலிக்காது. முதல் பரிசு உங்களுக்கே.'"

"செல்லையாவா? அது யாரு?" அத்தை இன்னும் சந்தேகமாகவே பார்த்தார்.

நர்மதா நடந்ததை எல்லாம் சொன்னாள். லாரியின் பேர், எழுத மறந்த தன் பேர், பத்திரிகையில் வந்த வரி. கடைசியில், சொல்லாமலே விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சொன்னாள்.

"நாந்தான் உங்களைத் திருடின்னு நினைச்சுட்டேங்க அத்தை."

அத்தையின் கண் பெரிதானது. "என்னையவா?"

"ரெண்டு நாள் மட்டுந்தாங்க."

"முந்தாநேத்துல இருந்தா? அப்ப நேத்து எங்கடைப் பன்னைத் தின்னியே, அதுவும் சந்தேகத்தோடவேதான் தின்னியா?"

"ஆமாங்க."

"முழுசா?"

"சித்தார்த் ரெண்டு தின்னானுங்க."

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு உதடு துடித்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போ கழுதை! நானும் உன்னைய இப்பத்தானே அவிங்க ஆளான்னு கேட்டேன். சரிக்குச் சரி. சட்டுனு அந்த ஆபீசுக்குப் போன் போடச் சொல்லு உங்கொப்பனை."

அப்பா பத்திரிகையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். தலைமை வெட்டுக்கிளியின் குரல் மிகவும் களைப்பாக இருந்தது.

"பாப்பா, நீ அஞ்சாவது ஆள். இதுவரைக்கும் நாலு பேர் அந்த லாரி என்னுதுன்னு சொல்லிட்டாங்க. அதுல ஒருத்தருக்கு வயசு அறுபத்திரண்டு. நான் எப்படி நம்பறது?"

எல்லாரும் நர்மதாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் தாளை மனதுக்குள் கொண்டுவந்தாள்.

"பத்திரிகையில படத்தோட மேல்பக்கத்தை வெட்டிட்டீங்கல்ல சார்? அங்க ஒரு பலகை இருக்கும். அதுலதான் பெருமாயி, நாமக்கல்னு இருக்கும். பேரோட கடைசி எழுத்துல இருந்து ஒரு சொட்டு கீழே ஒழுகியிருக்கும்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இருக்கு. அது மை கொட்டினதுன்னு நினைச்சோம்."

"இல்லீங்க சார். எங்கப்பா எழுதினப்பப் பெயிண்டு ஒழுகிருச்சு. அவரு துடைக்கறதுக்குள்ள நான் வரைஞ்சுட்டேன். துடைக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவும் இருக்குது. இப்பவே அனுப்பறேங்க."

"ஏம்மா, அதையும் சொல்லணுமா?" என்றார் அப்பா. வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பா போட்டோவை அனுப்பினார்.

போட்டோவைப் பார்த்த தலைமை வெட்டுக்கிளியே வாய்விட்டுச் சிரித்தார். "அட ராமா! லாரிக்குப் பரிசு குடுத்துட்டனே! அந்தப் பன்னிரண்டு புத்தகமும் உன்னுதுதான், வெச்சுக்கோ. உம்பேரை முழுசா சொல்லும்மா. அட்டையை மாத்திரலாம். லாரியோட பேரையும் அப்படியே விட்டுரட்டுமா?"

நர்மதா அத்தையைப் பார்த்தாள். அத்தை போனைப் பார்த்தபடி, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"விட்டுருங்க சார்" என்றாள் நர்மதா. "அந்தச் சொட்டையும் விட்டுருங்க."

அடுத்த மாதம் புத்தகம் வந்தது. அட்டையில் சூரன் செல்லையா லாரியில் பாய்ந்து வந்தார். நெற்றியில் 'பெருமாயி'. கீழே மூலையில் 'வண்டி வரைந்தவர்: நர்மதா, நாமக்கல்'.

டீக் குடிக்க வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் பெருமாயி அத்தை அந்த அட்டையைக் காட்டினார். "பாருங்க, இது எம்பேரு. ஆனா நான் வரையலீங்க. வரைஞ்சது இந்தப் புள்ள. வேணும்னா இங்க இருக்குது பாருங்க அவ பேரு" என்று சரியான இடத்தில் விரலை வைத்தார். அவர் படிக்கத் தெரிந்துகொண்ட இரண்டாவது பேர் அது.

அன்றைக்கு நர்மதா பெஞ்சில் புதுத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு மஞ்சள் லாரி நின்றது. அவள் லாரியைப் பார்க்கவே இல்லை. தாளைத் திருப்பிப் போட்டுப் பெரிய எழுத்தில் என்னவோ எழுதினாள்.

அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு சக்கரம்கூடப் போடல, அதுக்குள்ள பேரா?"

"ஆமாங்க அத்தை" என்றாள் நர்மதா. "இல்லீன்னா லாரி முந்திக்கும்."